தொட்டிமேட்டில் நடந்த இயற்பியல் பாடம்

என் மூத்த மகள் பிளஸ் டூ படித்த வருடம், காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் இருபத்து மூன்று மதிப்பெண் வாங்கி வந்தாள். இருநூற்றுக்கு எழுபது வாங்கினால்தான் பாஸ். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் இருபத்து மூன்றுக்கும் எழுபதுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

மற்றப் பாடங்களில் அவளைக் குறை சொல்ல முடியாது. கடத்தூருக்கு பஸ் ஏறிப் போய்ப் படித்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார் ஆடி மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். பதிலுக்கு ஆள் வரவில்லை. வேதியியல் வாத்தியார் வந்து, ஒருத்தியை எழுப்பிப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பாராம். பாவம், அவர் என்ன செய்வார், அவர் பாடமா அது? தர்மபுரியில் ஒருவர் டியூஷன் எடுத்தார், காலை ஆறு மணிக்கு. எங்கள் ஊரில் முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான்.

மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடும்போது என் வீட்டுக்காரர் பேனாவை மூடியபடி சொன்னார்:

"இதுல போச்சுன்னா நர்ஸ் படிப்பு கெடையாது. அக்கா வேற வரும்போதெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. பேசாம வைகாசில கல்யாணத்த முடிச்சுடலாம்."

அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், பென்னாகரத்துப் பக்கம் இருந்தார். அவருக்கு ஒரு மகன். டிராக்டர் ஓட்டுவான், நல்ல பையன், பீடி கூடக் கிடையாது. ஆனால் என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே நர்ஸ் ஆவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் கோவில், சந்தை, ரேஷன் கடை ஒன்று விடாமல் எல்லா இடத்திலும் அதைச் சொல்லி வைத்திருந்தேன். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

இயற்பியல் தெரிந்த ஆள் எங்கள் ஊரிலேயே இல்லையா என்றால், இருந்தார். அதுவும் எங்கள் வயலுக்கு அடுத்த வயலிலேயே இருந்தார். அங்கேதான் சிக்கல்.

என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் குடும்பம் அது. இரண்டு குடும்பத்துக்கும் சேர்ந்து ஒரே கிணறு, ஒரே மோட்டார். திங்கள், செவ்வாய், புதன் அவர்கள் முறை. வியாழன், வெள்ளி, சனி எங்கள் முறை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசைக்குப் போகிற நாள், மோட்டாருக்கும் ஓய்வு. அந்த வீட்டு மருமகள் சேலத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த பெண். கல்யாணம் ஆகி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆனால் அவளுடைய மாமியாருக்கும், அதாவது என் ஓரகத்திக்கும், எனக்கும் நாலு வருடமாகப் பேச்சு இல்லை. வரப்பில் நின்ற புளியமரத்தில் ஒரு கிளையை வெட்டியது யார் என்று ஆரம்பித்தது. யார் வெட்டினார்கள் என்று இப்போது சொல்ல வேண்டாம்.

பேச்சு இல்லை என்றால் சத்தமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவர் தன் எருமையிடம் பேசுவார், எனக்குக் கேட்க வேண்டும். நான் என் மண்வெட்டியிடம் பேசுவேன், அவருக்குக் கேட்க வேண்டும். ஒருமுறை என் மகள் பேச்சுப் போட்டியில் டம்ளர் பரிசு வாங்கி வந்த மறுநாள், அவர் எருமையைத் தடவிக்கொண்டே, "நீ கூடத்தான் நல்லா கத்தற, உனக்கு யாரு டம்ளர் குடுத்தா?" என்று கேட்டார். நான் மண்வெட்டியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "சில பேருக்கு காது மட்டும் கூர்மெ, உன் மொன மாதிரி" என்றேன். பூசையில் பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லச் சொல்லும்போது அவர் தூணைக் கும்பிடுவார், நான் சன்னலைக் கும்பிடுவேன். இப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் மருமகளை அனுப்புங்கள் என்று கேட்பேனா? என் உடம்பில் உயிர் இருக்கும்வரை கேட்க மாட்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் முறை பயிருக்கு மட்டும்தான். துணிக்கும் குடத்துக்கும் முறை கிடையாது. மோட்டார் ஓடும்போது, எவ்வளவு பகை இருந்தாலும், எந்த வீட்டுப் பெண்ணும் மோட்டார் தண்ணீர் விழும் தொட்டிமேட்டுக்கு வந்து துணி துவைக்கலாம். தடுத்தால் ஊரே காறித் துப்பும். அதனால் எங்கள் முறை நாட்களிலும் அந்த மருமகள் துணிமூட்டையோடு வருவாள். என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவாள். மாமியார் பேச விடாததைத் தலையாலாவது ஆட்டுகிறாளே என்று நானும் ஆட்டுவேன்.

அந்தக் காலாண்டு விடுமுறை முடிந்த சனிக்கிழமை, நான் கேழ்வரகுக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தேன். மகள் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து புத்தகத்தைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஒரே வரியை ஏழெட்டுத் தடவை சொன்னாள். துணியை அடித்துக்கொண்டிருந்த மருமகள் சட்டென்று அடிப்பதை நிறுத்தினாள்.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியலீங்க அண்ணி. புக்குல போட்டிருக்குது."

"அர்த்தம் தெரியாம எட்டு வாட்டி சொன்னியே, எனக்கே தல சுத்துது. இங்க கொண்டா."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் புத்தகத்தை வாங்கினாள். நான் மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தேன். பார்க்கவே இல்லை. அதாவது, பார்க்கவில்லை என்பது போல இருந்தேன். மடை உடைந்து தண்ணீர் வரப்பில் ஓடியது, அதைக்கூடக் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் தொட்டிமேட்டில் பாடம். சனிக்கிழமை பகலில், மற்ற இரண்டு நாள் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும். ஒரு கையில் சோப்பு, ஒரு கையில் புத்தகம். மருமகள் கல்லூரியில் இங்கிலீஷில் படித்தவள். தமிழ்ப் புத்தகத்தில் இருந்த பெயர்கள் அவளுக்கே பாதி விளங்கவில்லை. என் மகள் தமிழ்ப் பெயரைச் சொல்ல, அவள் யோசித்து, "ஓ, அதுவா" என்று சிரிப்பாள். யார் யாருக்கு வாத்தியார் என்று சில சமயம் எனக்கே சந்தேகம் வரும்.

ஒரு நாள் ஒரு விதி மகளின் மண்டையில் ஏறவே இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயர் வைத்த விதி. காந்தம், கம்பிச் சுருள் என்று என்னென்னவோ வந்தது. மருமகள் சுற்றும் முற்றும் பார்த்தாள். என் வீட்டுக்காரரின் சைக்கிள் மோட்டார் ரூம் சுவரோரம் நின்றிருந்தது.

"அத்தை, கொஞ்சம் வர்றீங்களா?"

முதல் தடவையாக என்னைக் கூப்பிட்டாள். மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போனேன். சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, என்னைப் பெடலைக் கையால் சுற்றச் சொன்னாள். சுற்றினேன். பின்சக்கரம் லேசாக ஓடியது. பிறகு டைனமோவைச் சக்கரத்தின் மேல் சாய்த்துவிட்டாள். முன்னால் லைட் எரிந்தது.

"இப்ப எப்டி இருக்குதுங்க அத்தை?"

"கனக்குது."

"ஏன் கனக்குது?"

"டைனமோ உரசுதில்ல?"

அவள் விளக்குக்குப் போகிற ஒயரைக் கழற்றினாள். டைனமோ உரசிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பெடல் கையில் லேசாகிவிட்டது. மறுபடி மாட்டினாள், கனத்தது. கழற்றினாள், லேசானது. நாலு தடவை சோதித்துப் பார்த்தேன். நான் எதையும் ஒரு தடவையில் நம்புகிறவள் அல்ல.

"கரண்டு ஓடுனாத்தான் கனக்குது. உங்க கையிதான் அந்தக் கரண்ட உண்டாக்குது. உண்டான கரண்டு, உண்டாக்குன கையவே எதுத்துத் தள்ளுது. அவ்ளோதான் அந்த விதி."

"எங்க ஓரகத்தி மாதிரியா?" என்று கேட்டுவிட்டேன்.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் தோளில் இருந்த ஈரத்துண்டு சேற்றில் விழுந்தது. அதை மறுபடி துவைக்க வேண்டி வந்தது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இன்னும் ஒரு கேள்விக்கு நேரம் கிடைத்தது.

அந்தக் கேள்வி அரையாண்டுத் தேர்வில் வந்தது. மகள் அறுபத்தாறு வாங்கினாள். இன்னும் நாலு மதிப்பெண்தான் பாக்கி. என் வீட்டுக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன்.

ஒருவரிடம் ஒன்றை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. மருமகளுக்கு எதையாவது செய்ய வேண்டும். முறுக்குச் சுட்டுக் கொடுத்தால் மாமியார் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். பூ வாங்கிக் கொடுத்தால் தலையிலேயே தெரியும். யோசித்துக்கொண்டே இருந்தேன். பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, எங்கள் கேழ்வரகு பாய்ந்து முடிந்தும் கரண்ட் நிற்கவில்லை. அவர்கள் கரும்பு வயல் கண்ணில் பட்டது. மண் வெடித்துக் கிடந்தது. கரும்பின் இலையெல்லாம் சோகையாகக் காய்ந்து தொங்கியது. அந்த வாரம் அவர்கள் முறையில் மோட்டார் ஓடிய சத்தமே கேட்கவில்லை. கரண்ட் ஏமாற்றிவிட்டது போல என்று நினைத்தேன். மடையை வெட்டி அவர்கள் வயலுக்குத் திருப்பிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் பாய்ந்தது. வயல் நிறைந்து நின்றதைப் பார்த்து, மனதுக்குள் ஒரு சுமை இறங்கியது போல வீட்டுக்கு வந்து இரண்டு உருண்டை களி அதிகமாகச் சாப்பிட்டேன்.

கரண்ட் அவர்களை ஏமாற்றவில்லை. அவர்கள்தான் தண்ணீரை நிறுத்தி வைத்திருந்தார்கள். வரும் வியாழக்கிழமை வெட்டு. கரும்பு ஆட்டும் ஆலைக்குச் சொல்லியாகிவிட்டது. வெல்லம் காய்ச்சுகிற ஆளுக்கும் சொல்லியாகிவிட்டது. வெட்டுக்கு முன்னால் கரும்பைக் காயப்போடுவார்கள், அப்போதுதான் சாறு கெட்டியாக இருக்கும். தண்ணீர் குடித்த கரும்பை ஆட்டினால் பாகு பதத்துக்கு வராது, வெல்லம் கட்டாது, கையில் பிசுபிசுக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வெட்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பேச்சு இருந்திருந்தால் அவர்கள் வெட்டு நாள் எனக்கு முதல் ஆளாகத் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை ஓரகத்தி எருமையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றார். அவ்வளவு காலையில் எருமைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

"பாத்தியாடி எருமெ! புளியமரத்துச் சண்டைக்கு நாலு வருசம் கழிச்சு பழி வாங்கறாங்க. மனுசங்க மேல கோவம்னா மனுசங்கள அடிக்கணும். வாயில்லாத கரும்பு என்னா பண்ணுச்சு? தண்ணிய வுட்டு வெல்லத்துல மண்ணப் போட்டுட்டாங்களே! இவங்க நல்லா இருப்பாங்களா?"

நான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை மருமகள் துணி துவைக்க வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. சனிக்கிழமை, துணியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓரகத்தியே வந்து, எங்கள் பக்கம் திரும்பாமல் துவைத்து எடுத்துப் போனார். மகள் புத்தகத்தை மடியில் வைத்தபடி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம், பெரிய தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. இன்னும் நாலு பாடம் தொடவே இல்லை.

"நீ போயி சொல்லும்மா, வேணும்னு பண்ணலன்னு."

"நான் எதுக்குடி போவணும்? அவங்கதான என்ன பேசுனாங்க?"

"அவங்க எருமகிட்டதான பேசுனாங்க."

"அதான் இன்னும் மோசம்."

மகள், "சரி வுடு. அத்தை வூட்டுல டிராக்டர் இருக்குது. நர்சு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்து மூடினாள். அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். மூடியதுதான் பொறுக்கவில்லை.

மறுநாள் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்த பிறகு, நல்ல சேலையை மாற்றாமலே அவர்கள் வாசலுக்குப் போனேன். ஓரகத்தி துவரை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறம் நின்றது. உடனே கொட்டகைப் பக்கம் திரும்பினார்.

"ஏய் எருமெ, யாரோ வந்திருக்காங்க பாரு."

"அக்கா, நான் எருமயப் பாக்க வரலீங்க. உங்ககிட்டதான் பேசறேன்."

"பேசட்டும். வாயி இருக்கறவங்க பேசலாம்."

"தண்ணிய நான்தான் வுட்டேன்."

"அத ஊரே சொல்லுது. புதுசா எதாச்சும் இருந்தா சொல்லு."

"கெடுக்கணும்னு வுடலீங்க. காஞ்சு கெடக்குதேன்னு வுட்டேன். உங்க மருமவ எம் பொண்ணுக்கு பாடம் சொல்லிக் குடுத்துச்சு. சும்மா வாங்கிக்க மனசு ஒப்பல. அதான்."

முறத்தை மடியிலிருந்து கீழே வைத்தார். என்னை நேராகப் பார்த்தார். நாலு வருடத்தில் அவருக்கும் தலை நரைத்திருந்தது.

"அடி பைத்தியக்காரி! நல்லது பண்ணவங்களுக்கு வாயால ஒரு வார்த்த சொல்லுவாங்க. மடயத் தொறந்தா வுடுவாங்க?"

"வாய் வரலீங்களே."

"எங்கிட்ட வராதுதான். கெளைய வெட்டும்போது மட்டும் கை வந்துச்சில்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே எனக்குப் பெரிய காரியம்.

"நாலு மாசமா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார் அவர். "கட்டிலுக்குப் போடற போர்வய வாரத்துக்கு மூணு வாட்டி தொவைக்கற மருமவள நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா? போர்வ நைஞ்சு வல மாதிரி ஆயிடுச்சு. போவட்டும், படிச்ச புள்ள, அதுக்கும் வாயி தெறந்து பேச ஆளு வேணுமில்லன்னு வுட்டு வெச்சேன்."

உள்ளே மருமகள் பாத்திரத்தைக் கீழே போடும் சத்தம் கேட்டது. அவளுக்கும் இது புதுச் செய்திதான்.

"உம் பொண்ண நாளையிலிருந்து இங்க அனுப்பு. ஒளிஞ்சு ஒளிஞ்சு படிக்கறதுக்கு பாடம் என்னா திருட்டுச் சாமானா? ஆனா ஒண்ணு. வெட்டு மூணு வாரம் தள்ளிப் போச்சு. வெட்டற அன்னிக்கு நீ வந்து சோக உரிக்கணும். ஆள அனுப்பக் கூடாது. நீயே வரணும்."

"வர்றேன்."

"முழுசா முடியற வரைக்கும்."

"வர்றேன்னு சொன்னேன் இல்லீங்க!"

மூன்று நாள் சோகை உரித்தேன். கரும்புச் சோகை கையை எப்படிக் கீறும் என்று உரித்தவர்களுக்குத் தெரியும். வியர்வை பட்டால் எரியும். அந்த மூன்று நாளும் ஓரகத்தி எனக்குப் பக்கத்து வரிசையில் நின்று, நாலு வருடத்துப் பேச்சையும் பேசித் தீர்த்தார். எனக்குக் காது வலித்தது. எருமை நிம்மதியாகப் புல் மேய்ந்தது. வெல்லம் நன்றாகவே கட்டியது. அதில் ஒரு அச்சை உடைத்து என் வாயில் போட்டு, "பாத்துக்க, உன் தண்ணி ருசி எங்கயாச்சும் தெரியுதா?" என்று கேட்டார்.

மகள் தினமும் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனாள். பாடம் நடக்கும்போது ஓரகத்தி பக்கத்திலேயே உட்கார்ந்து புளி கொட்டை எடுப்பாராம். மகள் கொட்டாவி விட்டால் கொட்டையை எடுத்து எறிவாராம். மருமகள் ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்து முடித்ததும், "திருப்பிச் சொல்லு, எனக்கும் புரியற மாதிரி சொல்லு" என்பாராம். அவருக்குப் புரிய வைப்பதற்குள் மகளுக்கு மனப்பாடமே ஆகிவிடும். அதை நான் அப்போது பாராட்டவில்லை. இப்போதும் அவர் எதிரில் பாராட்ட மாட்டேன்.

தேர்வு முடிந்து, வெயில் முற்றிய பிறகு முடிவு வந்தது. கடத்தூர் டீக்கடையில் பேப்பரில் மகளின் நம்பரைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். அவர் அவ்வளவு வேகமாக மிதித்து நான் பார்த்ததில்லை. சில நாள் கழித்து மதிப்பெண் பட்டியல் வந்தது. இயற்பியலில் இருநூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்று. மகள் அதை எடுத்துக்கொண்டு நேராக அண்ணியிடம் ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன், வாயால் சொல்ல வேண்டும் என்று இந்தத் தடவை தயாராகப் போனேன். அந்தப் பெண் பட்டியலைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"தொண்ணூத்தொண்ணுதானா? லென்ஸ் கணக்கு வுட்டுட்டியா?"

"நேரம் பத்தலீங்க அண்ணி."

"நேரம் பத்தலயா? சோப்பு போட்டுக்கிட்டே நான் போட்ட கணக்குடி அது!"

அவள் சொன்ன தோரணையில், நான் தயாராக வைத்திருந்த வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. கல்யாணப் பேச்சு இப்போதைக்கு இல்லை என்று நாத்தனாரிடம் நேரில் சொல்வதுதான் மரியாதை என்று நானும் என் வீட்டுக்காரரும் பென்னாகரத்துக்குப் பஸ் ஏறினோம். என் கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒகேனக்கல் மீன் வாங்கி வைத்திருந்தார்கள், குழம்பும் வறுவலும். இலை போட்டு உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் மெல்ல விஷயத்தைச் சொன்னார். நாத்தனார் மீன் துண்டைப் போடுவதை நிறுத்தாமல், என் பக்கம் திரும்பினார்.

"நர்சுக்கு பிசிக்ஸ் வேணுமாமே? அதுலதான் உம் பொண்ணு ரொம்ப மோசம்னு தம்பி சொன்னானே?"

"அது காலாண்டுலீங்க."

"இப்ப எவ்ளோ?"

"தொண்ணூத்தொண்ணு."

கரண்டி நடுவில் நின்றது. "தொண்ணூத்தொண்ணா! அப்ப ஒம்பது மார்க்குதான் போச்சா?"

பக்கத்தில் என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. நான் அவருடைய தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தேன்.

"ஒரு கணக்குக்கு நேரம் பத்தாம போச்சுங்க," என்றேன்.

"அப்பிடிப்பட்ட புள்ளய வூட்டுல ஒக்கார வெக்கறது பாவம்டா தம்பி. படிக்கட்டும்," என்று நாத்தனார் சொல்லி, பெரிய துண்டாகப் பார்த்து என் இலையில் போட்டார்.

எத்தனைக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதை இதுவரை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.